காடிக்குப் (காருக்குப்) பின்னால் கட்டும் சின்ன டிரெய்லர்: சக்கரமும் பிரேக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை. கேட்டு, கிரில், கோயில் கூடாரக் கம்பி என்று வருவதெல்லாம் செய்வோம். நடுவில் டிரெய்லர் வேலையும் வரும். ஒருவருக்கு உரமூட்டை ஏற்ற வேண்டும், இன்னொருவருக்கு ஆட்டுக்குப் புல். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயில் பக்கம் அண்டா குண்டா கொண்டுபோகும் தண்ணீர்ப்பந்தல் கூட்டமும் உண்டு. எல்லாரும் முதலில் கேட்பது நீளம், அடுத்தது பெயிண்டு. சக்கரமும் பிரேக்கும் "இருக்கிறதப் போட்டு விடுங்கண்ணே" என்பதோடு முடிந்துவிடும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவிட்டேன். இங்கே டிரெய்லர் என்றால் ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், சாதாரணக் காடி இழுக்கிற அளவு. லோரி சமாச்சாரம் இதில் இல்லை.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

எடையை. டிரெய்லரின் சொந்த எடையையும் ஏற்றப்போகும் பாரத்தையும் கூட்டினால் வருவதுதான் மொத்த எடை. சக்கரம், பேரிங், பிரேக் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உரமூட்டை என்றால் கணக்கு சுலபம். 50 கிலோ மூட்டை எட்டு, 400 கிலோ. கஷ்டம் புல், விறகு, மணல் மாதிரி கண்ணளவில் ஏற்றுகிற சாமான்களில்தான். ஆடு வளர்க்கும் ஒரு தம்பி, "சும்மா புல்லுக்கட்டுதான் அண்ணே, 200 கிலோகூட வராது" என்றார். மழையில் நனைந்த புல். பக்கத்துச் செம்பனை ஆலையில் தெரிந்தவரைப் பிடித்து, குலை லோரி ஏறும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். புல் மட்டும் 370 கிலோ. தோட்டப்புறத்தில் இருப்பதில் இது ஒரு வசதி. ஆலையில் நயமாகக் கேட்டால் எடை பார்க்க விடுவார்கள்.

என் காடி எவ்வளவு இழுக்கும்?

காடியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். இழுவை எடை என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும்: பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்று, இல்லாததற்கு அதைவிடக் குறைவாக ஒன்று. "இழுக்கக் கூடாது" என்று இருந்தால் அதோடு முடிந்தது. நான் எவ்வளவு பலமாக வெல்டிங் அடித்தாலும் அந்தக் காடியின் கிளட்சும் கியர்பெட்டியும் பிரேக்கும் மாறப்போவதில்லை.

ஜே.பி.ஜே. (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) சம்பந்தப்பட்டதா இது?

ஆமாம். ரோட்டில் ஓடும் டிரெய்லர் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்குள் வருகிற விஷயம். காடியில் இழுவைக் கொக்கி மாட்டுவதையும் காடியை மாற்றி அமைப்பதாகத்தான் பார்ப்பார்கள். இரும்பு வாங்குவதற்கு முன் படம் ஒன்று வரைந்து எடுத்துக்கொண்டு கவுண்டரில் போய்க் கேளுங்கள். டிரெய்லரைக் கட்டி முடித்துவிட்டுக் கேட்கப்போனவர்கள் யாரும் சிரித்த முகத்தோடு திரும்பியதை நான் பார்த்ததில்லை.

8 அங்குலச் சின்னச் சக்கரம் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

பட்டணத்துக்குள், நல்ல ரோட்டில், 200, 250 கிலோ சுமந்து மெதுவாகப் போகிற டிரெய்லர் என்றால் போடலாம். தளம் தாழ்வாக இருக்கும், சாமான் ஏற்றுவது சுலபம். தோட்டத்து மண்ரோட்டுக்கும் ஈப்போ வரை ஓட்டத்துக்கும் நான் போடுவதில்லை.

காரணம் சுழற்சி. 4.80/4.00-8 என்ற அந்த டயரின் உயரம் ஏறக்குறைய 41 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 775 தடவை சுற்ற வேண்டும். பழைய சின்னக் காடிகளில் வரும் 175/70R13 டயர் 57 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்கு 555 சுற்று போதும். மணிக்கு 80 கிலோமீட்டரில் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றைத் தாண்டிவிடும், 13 அங்குலம் 740-இல் நிற்கும். அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாகப் பேரிங்கின் தலையில் விடிகிறது. பள்ளத்திலும் அப்படித்தான். பெரிய சக்கரம் தாண்டிப் போகிற குழியில் சின்னச் சக்கரம் முழுசாக இறங்கி அடிவாங்கும்.

காற்றையும் கவனியுங்கள். இந்த டயரில் நாலு பிளை (உள்ளடுக்கு) வகை 60 பி.எஸ்.ஐ. காற்றில் ஏறக்குறைய 265 கிலோ தாங்கும். ஆறு பிளை வகை 345 கிலோ தாங்கும், ஆனால் 90 பி.எஸ்.ஐ. கேட்கும். காடிக்கு அடிக்கிற 30, 32-ஐயே இதற்கும் அடித்துவிட்டு, "டயர் சூடாகுதுண்ணே" என்று வருகிறவர்கள் நிறைய.

அப்படியானால் எந்த அளவு?

என் ஓட்டு 13 அங்குலத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டயர் வெடித்தால் உங்கள் ஊர் டயர் கடையில் என்ன அளவு தொங்குகிறதோ அதுதான் நல்ல அளவு. பழைய புரோட்டான் சாகா, வீரா காடிகள் ஓடிய நாட்டில் 13 அங்குலத்துக்குப் பஞ்சமில்லை. கஞ்சில் காடியின் 12 அங்குலமும் இலேசான டிரெய்லருக்குப் பொருந்தும். சக்கரம் சிறிது என்பதால் தளமும் சற்று இறங்கும்.

சிலர் தன் காடியில் இருக்கிற சக்கரத்தையே டிரெய்லருக்கும் கேட்பார்கள், ஒரே ஸ்பேர் டயர் இரண்டுக்கும் ஆகுமே என்று. நல்ல யோசனைதான். ஆனால் போல்ட்டு ஓட்டை, ரிம்மின் உள்வாங்கல், நடு ஓட்டை மூன்றும் ஒத்துவர வேண்டும்.

டயரில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது?

175/70R13 82T என்று இருந்தால் 175 மில்லிமீட்டர் அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 13 அங்குல ரிம். டிரெய்லர்காரர் பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் 82. அது சுமை எண், ஒரு டயருக்கு 475 கிலோ என்று அர்த்தம். 69 என்றால் 325 கிலோ, 75 என்றால் 387, 88 என்றால் 560. கடைசி எழுத்து வேகம்: T என்று இருந்தால் 190 கிலோமீட்டர். நமக்கு அது பிரச்சினையே இல்லை.

வேன் டயர்களில் 165R13C 94/92 மாதிரி இருக்கும். இரட்டைச் சக்கரமாகப் போட்டால் டயருக்கு 630, ஒற்றையாக 670 கிலோ. பக்கச்சுவர் கெட்டி. கல், செங்கல் ஏற்றுகிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

82 எண் போட்ட இரண்டு டயர் சேர்ந்து 950 கிலோ தாங்கும் என்பதற்காக டிரெய்லரில் 950 ஏற்றலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிம், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), அச்சு, ஸ்பிரிங் இவற்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் கணக்கு.

இன்னொரு எண், ஓவல் கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். டிரெய்லர் டயர் தேயாது, வெயிலில் நின்றே சாகும். பூ (தரையில் படும் பக்கத்து வரி) நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வாங்கி வருகிறவர்களிடம் பக்கச்சுவரை வளைத்துக் காட்டுவேன். தலைமுடி கனத்தில் வெடிப்பு ஓடியிருக்கும்.

போல்ட்டு ஓட்டை அளவை நானே எடுக்க முடியுமா?

முடியும். நாலு ஓட்டை ரிம் என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்தால் பி.சி.டி., அதாவது ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், கிடைத்துவிடும். 100 மில்லிமீட்டர் வந்தால் மைவி உட்பட நிறையக் காடிகளின் ரிம் ஏறும். ஐந்து ஓட்டையில் எதிர் ஓட்டை கிடையாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 67.2 வந்தால் 114.3.

ஓட்டை பொருந்தியதும் வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். நட்டின் வாய் கூம்பாக இருக்கிறதா, தட்டையா, உருண்டையா என்று பாருங்கள். கூம்பு ரிம்முக்குத் தட்டை நட்டுப் போட்டால் முறுக்கும்போது இறுகின மாதிரிதான் இருக்கும், பத்துக் கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். புதுச் சக்கரம் மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் எந்த நட்டாக இருந்தாலும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பார்க்க வேண்டும்.

குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியின் சக்கரம் சும்மா கிடக்கிறது. அது ஆகுமா?

ஆகாது. அது மனிதன் நடக்கிற வேகத்துக்குச் செய்தது.

மோட்டார்சைக்கிள் சக்கரம்?

இதையும் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வளைவில் சாய்ந்து போகும், அதனால் அதன் கம்பிச் சக்கரத்துக்குப் பக்கவாட்டு அழுத்தம் அதிகம் வராது. டிரெய்லர் சாயாது. வளைவில் முழுப் பாரமும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும், கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

பேரிங்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

என் கதையைச் சொல்கிறேன். நான் எனக்காகக் கட்டிய முதல் டிரெய்லர் 8 அங்குலச் சக்கரம்தான். தைப்பூசத்துக்கு முதல் நாள் இரண்டு அண்டா, நாலு கேஸ் தோம்பு (சிலிண்டர்), அரிசி மூட்டைகள். பழைய ரோட்டில் சிம்மோர் தாண்டும்போது கருகிய எண்ணெய் வாடை. ஏதோ லோரியின் பிரேக் என்று நினைத்தேன். அடுத்த சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த மோட்டார்காரர் ஹாரன் அடித்துச் சக்கரத்தைக் காட்டினார். இடது பக்கம் ஹப் மூடியைக் காணோம். கிரீஸ் கறுத்து, ரிம்மின் உள்பக்கம் முழுக்கத் தார் தெளித்த மாதிரி கிடந்தது. பாட்டில் தண்ணீரைச் சொட்டினால் சுர்ரென்று கொதித்தது. கழற்றியபோது ரோலர் ஒன்றுகூட உருளையாக இல்லை. மூடி எங்கோ மண்ரோட்டில் விழுந்திருக்கிறது. சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸை அலசிவிட்டது. அண்டாக்கள் மாமாவின் வேனில் போய்ச் சேர்ந்தன. டிரெய்லர் இரண்டு நாள் ஒரு ஒட்டுக்கடைக்குப் பக்கத்தில் நின்றது.

அதனால் என் கணக்கு: தாரோட்டில் மட்டும் ஓடினால் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ். தோட்டத்துக்குள் போய்வந்தால் ஆறு மாதம். முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்தால் அந்த வாரமே. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், கடகடவென்றால் தளர்ந்திருக்கிறது. சுற்றிவிட்டுக் காது கொடுங்கள், மணல் அரைக்கும் சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. கூம்பு ரோலர் பேரிங்கை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, பிறகு தளர்த்தி, கையால் தொட்ட அளவுக்கு மட்டும் திரும்ப வையுங்கள். ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். புறப்பட்டு 15 கிலோமீட்டரில் ஓரங்கட்டிப் புறங்கையை ஹப்பின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்தில் கோளாறு.

இவ்வளவு சின்ன டிரெய்லருக்கு பிரேக் தேவையா?

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் விடுகிறார்கள். ஐரோப்பாவில் கூடவே ஒரு நிபந்தனை: இழுக்கும் காடியின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. இது நம் ஊர்ச் சட்டம் இல்லை, ஆனால் நல்ல அளவுகோல். 1,000 கிலோ காடிக்கு அந்தப் பாதி 500 கிலோதான். 750 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

ஏன் என்று பார்ப்போம். 1,000 கிலோ காடி 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டு 40 மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். பின்னால் பிரேக் இல்லாத 500 கிலோ இருந்தால், அதே பிரேக், அதே நாலு டயர் இப்போது 1,500 கிலோவை நிறுத்த வேண்டும். 60 மீட்டர் ஆகும். அந்த 20 மீட்டருக்குள் ஒரு பள்ளிப் பேருந்து நிற்கலாம்.

நேர்ரோட்டிலாவது தூரம்தான் கூடும். மழை ரோட்டு வளைவில் பிரேக் போட்டால் டிரெய்லர் காடியின் பிட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளும். காடி ஒரு திசை, டிரெய்லர் ஒரு திசை என்று மடங்கிக்கொள்ளும். இதை ஒருமுறை அனுபவித்தவர் அடுத்த வாரமே பிரேக் கேட்டு வந்துவிடுவார்.

என் பட்டறையில் மொத்தம் 400 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு பிரேக் இல்லாமல் கட்டித் தருவதில்லை. வாடிக்கையாளர்கள் சிலர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போயிருக்கிறார்கள். பரவாயில்லை.

எந்த வகை பிரேக்?

சின்ன டிரெய்லருக்குத் தள்ளு பிரேக். ஓவர்ரன் என்று கேட்டால் கடையில் புரியும். காடி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் வந்து முட்டுகிறது அல்லவா, அந்த முட்டலையே பிரேக் போடப் பயன்படுத்துவது. கொக்கித் தலைக்குப் பின்னால் ஒரு தண்டு உள்ளே சறுக்கும், ஒரு நெம்புகோலைத் தள்ளும், அது நடுக்கம்பியை இழுக்கும், கம்பியிலிருந்து இரண்டு கேபிள் இரண்டு டிரம்முக்கும் போகும். உள்ளே முட்டலை மெதுவாக்கும் ஒரு டேம்பர் இருக்கும். அது இல்லாத மலிவுச் சாமானை வாங்கினால் ஒவ்வொரு சிக்னலிலும் முதுகில் குத்துகிற மாதிரி இருக்கும்.

நல்லது என்னவென்றால், வயர், பெட்டி எதுவும் வேண்டாம். அளவு பொருந்திய கொக்கி உருண்டை உள்ள எந்தக் காடியிலும் மாட்டி இழுக்கலாம். உருண்டை 50 மில்லிமீட்டரா என்று மட்டும் அளந்து பாருங்கள். 47.6 உருண்டையில் 50 தலை உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், பள்ளத்தில் துள்ளினால் கழன்றுவிடும்.

தொல்லை பின்னால் எடுக்கும்போது. காடி தள்ளினாலும் தண்டு உள்ளே போகும், பிரேக் பிடிக்கும், டிரெய்லர் அசையாது. புது டிரம்களில் பின்னால் உருண்டால் ஷூ தானே விலகும் அமைப்பு உண்டு. பழையதில் இறங்கிப்போய் ஒரு கொண்டியைப் போட வேண்டும். வாங்கும்போதே எந்த வகை என்று கேளுங்கள்.

சரிசெய்யும்போது பலர் செய்யும் தப்பு ஒன்று. பிரேக் பிடிக்கவில்லை என்றதும் நடுக்கம்பியின் நட்டை முறுக்குவார்கள். முதலில் கம்பியைத் தளர்த்திவிட்டு, டிரம்மில் ஷூவை நெருக்கி, சக்கரம் உரசும்வரை கொண்டுவந்து, இலேசாகத் திருப்பிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. கம்பி கடைசியில்தான். கம்பியை மட்டும் இழுத்துக்கொண்டே போனால் ஒருநாள் ஒரு சக்கரம் பிடிக்கும், ஒன்று பிடிக்காது.

பொத்தோங் கடையில் (பழைய காடிகளைப் பிரித்து விற்கும் கடை) பழைய காடியின் பின்னச்சு டிரம்மோடு கிடைக்கிறதே?

நல்ல சாமான். முன்சக்கர இழுவைக் காடியின் பின்னச்சில் ஹப், டிரம், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாம் தயாராக இருக்கும். அந்த ஹேண்ட்பிரேக் கேபிள்களைத் தள்ளு பிரேக்கின் கம்பியோடு சேர்க்கலாம், நான் சேர்த்திருக்கிறேன். ஆனால் அதில் தானே விலகும் ஷூ கிடையாது, பின்னால் எடுக்கக் கொண்டி கட்டாயம். அந்தக் காடி ஆள் நிறைந்து, பின்பெட்டியும் நிறைந்து போகும்போது பின்னச்சு எவ்வளவு தாங்கியதோ அதுதான் அதன் அளவு. அகலம் கூடுதலாக இருக்கிறதே என்று நடுவில் வெட்டி ஒட்டச் சொல்லாதீர்கள், டிரெய்லரின் அகலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்சார பிரேக், டிஸ்க் பிரேக் எல்லாம்?

மின்சார பிரேக் அருமையாக வேலை செய்யும். ஆனால் இழுக்கும் ஒவ்வொரு காடியிலும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வயரும் வேண்டும். பெரிய டிரெய்லர்காரர்களுக்கு விடுங்கள். டிஸ்க், லுமுட் பக்கம் படகு இழுப்பவர்களுக்கு நல்லது. உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறினாலும் கழுவிவிடலாம், டிரம்முக்குள் போன உப்பு வெளியே வராது. உரம் ஏற்றுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சிந்திய உரம் உப்பு மாதிரிதான் இரும்பைத் தின்னும். டிரம் வைத்திருந்தால் ஏற்றி இறக்கிய அன்றே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

கேமரன் மலை, மெனோரா இறக்கம் போவேன். வேறு ஏதாவது?

500 கிலோ டிரெய்லரை 80 கிலோமீட்டரிலிருந்து ஒருமுறை நிறுத்தினால் வரும் சூட்டைப்போல் நாலு மடங்கு, 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வருகிறது. தாப்பாவிலிருந்து கேமரன் ஏறித் திரும்புகிறவர் இந்த நூறு மீட்டர்களை எத்தனை தடவை இறங்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள். தள்ளு பிரேக்குக்கு இங்கே ஒரு பலவீனம் உண்டு. கியரைக் குறைத்து இறங்கினாலும் டிரெய்லர் காடியைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும், அதனால் அதன் பிரேக் வழி நெடுக இலேசாக உரசிக்கொண்டே வரும். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வாருங்கள், மெதுவாக இறங்குங்கள், நடுவில் நிறுத்தி ஆற விடுங்கள். வாடை வந்த பிறகு நிறுத்துவது தாமதம்.

சங்கிலி போதாதா, தனியாக அறுகம்பி எதற்கு?

பிரேக் இல்லாத டிரெய்லருக்குச் சங்கிலி, கொக்கி கழன்றாலும் தலை தரையில் இடிக்காத அளவு குறுக்காகக் கட்டியது. பிரேக் உள்ளதற்கு ஹேண்ட்பிரேக்கோடு கட்டிய மெல்லிய கம்பி. டிரெய்லர் பிரிந்தால் கம்பி முதலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அப்புறம் அறும். அதைக் கொக்கியின் உருண்டையிலேயே சுற்றிவிடுகிறார்கள். கொக்கி கழன்றால் அதுவும் சேர்ந்து கழன்றுவிடும். காடியில் தனி வளையத்தில் மாட்டுங்கள்.

80-ஐத் தாண்டினால் டிரெய்லர் வாலாட்டுகிறது. சக்கரமா, பிரேக்கா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை, பாரம் பின்னால் போயிருக்கும். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியில் அழுத்த வேண்டும். 600 கிலோவுக்கு 30-லிருந்து 60. வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசை ஒரு கட்டையோடு கொக்கித் தலைக்குக் கீழே வைத்துப் பார்த்துவிடலாம். உங்கள் காடியின் கொக்கி தாங்கும் அளவுக்குள்தான் அது இருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் ஆடினால் டயர் காற்று, பிறகு பேரிங்.

ஸ்பேர் டயர் கட்டாயமா?

என்னைக் கேட்டால் ஆமாம். கூடவே அந்த நட்டுக்குச் சரியான ஸ்பானர், ஜாக்கியின் அடியில் வைக்க ஒரு மரக்கட்டை. தோட்டத்து மண்ணில் ஜாக்கி மட்டும் வைத்தால் டிரெய்லர் மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும்.